மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக

லோதி காலனி,
புது தில்லி
3 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய டாக்டர் எபினேசர் அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்கு நினைவிருக்க வழியில்லை. என் பெயர் கவிப்ரியா. லோதி ரோட்டில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். 2019 மார்ச் மாதம் உங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில், மூளையில் ரத்தக் கசிவோடு பதினோரு நாள் வென்டிலேட்டரில் இருந்த கலியமூர்த்தியின் மகள். நீங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்று தெரிந்ததும் அம்மா உங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். அதுவாவது ஞாபகம் இருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. தில்லியில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்க்கும் டாக்டர்களிடம், பெயர் கேட்காமல், ஒரு சர்வே நடத்தியிருக்கிறார்கள். "நோயாளி இறந்துவிடுவார் என்று தெரிந்தே உயிர்காக்கும் கருவியை நிறுத்த முடிவு செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டதற்குப் பத்தில் எட்டுப் பேர் "ஒருபோதும் இல்லை" என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அதே வார்டுகளில் இருக்கும் நர்சுகளைக் கேட்டால் பாதிக்கு மேல் "நடந்திருக்கிறது" என்கிறார்களாம். என் கணவர் மது அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "ஒரே வார்டுல வேலை பாக்கறவங்கதானே, அச்சா கூத்துதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. அந்தப் படிவம் உங்களுக்கு வந்ததா? வந்திருந்தால், அந்தக் கேள்விக்கு என்ன எழுதினீர்கள்?

உங்கள் போன் எண்ணை ரிசப்ஷனில் தர மறுத்துவிட்டார்கள். அதனால்தான் தபால்.

இப்படிக்கு,
கவிப்ரியா


மயூர் விஹார்,
தில்லி
14 ஆகஸ்ட் 2025

திருமதி கவிப்ரியா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தந்தையாரை இழந்த உங்கள் துக்கத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

நீங்கள் குறிப்பிடும் சர்வே பெயரில்லாமல் எடுக்கப்பட்டது. பதில் சொன்னவர் யார் என்று தெரியக்கூடாது என்பதே அதன் அடிப்படை. ஆகவே நான் அதில் பங்கெடுத்தேனா, என்ன எழுதினேன் என்பதை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

உங்கள் தந்தையார் தொடர்பான பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். 2019 மார்ச் 19 அன்று, குடும்பத்தாரின் விருப்பத்தின் பேரில், மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக, அவர் வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டிருக்கிறார். உயிருக்கு ஆபத்து உண்டு என்பது விளக்கப்பட்டு, மகள் கையெழுத்திட்டிருக்கிறார். மருத்துவமனை எந்தக் கருவியையும் நிறுத்தவில்லை.

இதற்கு மேல் நான் சொல்ல எதுவுமில்லை.

தங்கள்,
எபினேசர்

பி.கு: மேலும் எழுதுவதாக இருந்தால் ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்ப வேண்டாம். அங்கே வரும் தபால்களைச் சட்டப் பிரிவு பிரித்துப் பார்க்கிறது. மேலே இருப்பது என் வீட்டு முகவரி. உங்கள் தாயார் கும்பிட்டது ஞாபகம் இருக்கிறது.


லோதி காலனி
22 ஆகஸ்ட் 2025

டாக்டர் அவர்களுக்கு,

என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பதில் தெரியாத கேள்விக்கு ஒரு பக்கம் எழுதுவார்கள். நீங்கள் தெரிந்த கேள்விக்கு அரைப் பக்கம் எழுதித் தப்பித்திருக்கிறீர்கள். ஆனாலும் பின்குறிப்பில் மாட்டிக்கொண்டீர்கள். சொல்ல ஒன்றுமில்லாதவர் எதற்கு வீட்டு முகவரி கொடுக்கிறார்?

உங்கள் பதிவில் இல்லாததை நான் எழுதுகிறேன். மார்ச் 19, காலை பதினோரு மணி. லிஃப்டுக்கு எதிரே, தண்ணீர் மெஷின் பக்கத்தில் நானும் அம்மாவும் நின்றிருந்தோம். நீங்கள் வந்து, காவலுக்கு நின்ற ஆளைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, எங்களிடம் தமிழில் பேசினீர்கள். "அம்மா, ஒளிவு மறைவு இல்லாம சொல்லுதேன். ஐயா இனி முழிக்க மாட்டாங்க. இங்க வச்சு ஊசி குத்திக்கிட்டே இருக்கதுல அர்த்தம் இல்ல. வீட்டுக்குக் கொண்டு போயிருங்க. நர்ஸ் ஒருத்தங்களக் கூட அனுப்புதேன்." இதில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. ஆறு வருஷமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மறக்க வழியில்லை.

கால் மணி நேரத்தில் கவுண்டரில் ஒரு தாளை நீட்டினார்கள். "மேடம், ஜல்தி சைன் கர் தோ" என்று சீக்கிரம் கையெழுத்துப் போடச் சொன்னார் அங்கிருந்தவர். வெளியே ஆம்புலன்ஸ் நிற்கிறதாம். நான் படித்துப் பார்க்கவில்லை. தாளைப் படித்துப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளை அதட்டுகிற தொழிலில் இருப்பவள் நான், படிக்கவில்லை. அப்பாவை வீட்டுக்குக் கொண்டு போகிறோம் என்பது மட்டும்தான் மனத்தில் இருந்தது. அதில் "மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக" என்று இருந்தது எனக்குத் தெரியாது. ஆலோசனை சொன்னதே நீங்கள்தானே? உண்மையைத் தமிழில் சொல்லிவிட்டுப் பொய்யை ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொண்டீர்கள்.

என் அண்ணன் சிவகுமார் விசாகப்பட்டினத்தில் ஒரு அரசு நிறுவனத்தில் இருக்கிறான். வருஷக் கணக்கு முடிக்கிற மாதம் என்று அத்தனை நாளும் லீவு கிடைக்காமல், மறுநாள்தான் விமானம் பிடித்து வந்தான். மருத்துவச் செலவுக் காகிதங்கள் வாங்க அவன்தான் உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே அந்தத் தாளைப் பார்த்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அதை எடுத்து வாசித்தான். நான் லிஃப்டுக்கு எதிரே நடந்ததைச் சொன்னேன். "டாக்டர் அப்படிச் சொல்லியிருந்தா ஏன் இப்படி எழுதுறாரு? அப்பாவப் பாத்துக்க முடியாம தூக்கிட்டு வந்துட்டு, இப்ப அவரு மேல பழிபோடாத" என்றான். முப்பது வருஷமாக ஃபைலோடு வாழ்கிறவன். காகிதத்தில் இருப்பதுதான் அவனுக்கு நடந்தது. அன்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவன், இன்றுவரை என்னோடு பேசவில்லை. அவன் டியூட்டிக்குப் போகிற நேரம் பார்த்து அம்மா எனக்குப் போன் செய்கிறாள். என்னோடு பேச என் அம்மா ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, டாக்டர். அவளுக்கு எழுபத்து நாலு ஆகிறது.

அம்மாவும் அங்கேதானே நின்றாள் என்று கேட்பீர்கள். "அம்மா அந்தப் பதினோரு நாளும் எங்க தூங்குனா, என்னத்தச் சாப்பிட்டா? அவளுக்கு என்ன நினைவிருக்கும்? நீ சொன்னதத்தான் அவளும் சொல்லுவா" என்று அண்ணன் வாயை அடைத்துவிட்டான்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். என் அண்ணனுக்கு. அன்று தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கேஸ் போட மாட்டேன், பேப்பருக்கும் போக மாட்டேன்.

கவிப்ரியா


மயூர் விஹார்
9 செப்டம்பர் 2025

கவிப்ரியா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்துவிட்டேன். நீங்கள் எழுதியிருப்பதில் பிழை ஒன்றும் இல்லை. என் பேச்சைக்கூட ஊர்ப் பேச்சு மாறாமல் எழுதியிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்கே வருகிறேன். ஆமாம், படிவம் வந்தது. கேள்வி எண் பதினான்கு. கடந்த பத்து வருஷத்தில் எத்தனை தடவை? ஒருபோதும் இல்லை, ஐந்துக்குள், இருபதுக்குள், இருபதுக்கு மேல் என்று நாலு கட்டம். நான் "ஒருபோதும் இல்லை" கட்டத்தில் டிக் போட்டேன். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கடைசியில் இன்னும் இரண்டு கேள்விகள். உங்கள் சக மருத்துவர்கள் இந்தப் படிவத்துக்கு எவ்வளவு உண்மையாகப் பதில் சொல்வார்கள்? "அவ்வளவாக இல்லை" என்று எழுதினேன். நீங்கள் எவ்வளவு உண்மையாகச் சொன்னீர்கள்? "முழுவதும்."

அந்த நேரத்தில் அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை. இதை நீங்கள் நம்புவது கஷ்டம். எங்கள் வேலையில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கருவியை நாங்கள் நிறுத்துவதில்லை. குடும்பத்தாரிடம் தனியாகப் பேசுவோம். அவர்கள் கையெழுத்துப் போட்டு அழைத்துக்கொண்டு போவார்கள். ஃபைலில் "மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக" என்று ஏறும். இருபத்தாறு வருஷம் இப்படிச் செய்து செய்து, முடிவு எடுத்தவர்கள் அவர்கள்தான் என்று எங்களுக்கே நம்பிக்கை வந்துவிடுகிறது. சட்டம் இல்லாமல் இல்லை. 2018இல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழி சொன்னது. ஆனால் அந்த வழியில் போக இரண்டு மருத்துவக் குழு கூட வேண்டும், மாஜிஸ்திரேட்டே வந்து பார்க்க வேண்டும். பிற்பாடு அதைச் சுலபமாக்கினார்கள். அப்போதும் நாங்கள் பழைய வழியிலேயே போனோம், பழகிய வழி என்பதால். எனக்குப் பயம் என்று சொன்னால் அது இன்னும் சரியாக இருக்கும்.

உங்கள் அப்பாவோடு ஆம்புலன்சில் வந்த சிஸ்டர் டெல்பினை நினைவிருக்கும். மார்த்தாண்டத்துக்காரர், இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். போன வாரம் கேன்டீனில் அவரிடம் இந்த சர்வே பற்றி மெல்ல விசாரித்தேன். "எனக்கும் வந்துச்சு சார். இருபதுக்கு மேலன்னு போட்டேன். நான்தான சார் கூடப் போறது? டியூபை எடுக்கது என் கைதான?" என்றார். சம்பளத்திலும் பதவியிலும் என்னைவிட எவ்வளவோ கீழே இருப்பவர். வேலை போனால் திரும்பக் கிடைப்பது அவருக்குத்தான் கஷ்டம். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார், எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

ஆனால் உங்கள் அண்ணனுக்கு எழுத்தில் கொடுக்க என்னால் முடியாது. அது ஒரு ஒப்புதல் வாக்குமூலம். ஃபைலில் பொய் எழுதினேன் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அவர் அதை எங்கே கொண்டு போவார் என்று உங்களாலும் சொல்ல முடியாது. போனில் பேசுகிறேன். எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசுகிறேன். அவர் எண்ணை அனுப்புங்கள்.

எபினேசர்


லோதி காலனி
17 செப்டம்பர் 2025

டாக்டர் அவர்களுக்கு,

என்னைக் கையெழுத்துப் போட வைத்தீர்கள். இப்போது உங்களைப் போடச் சொன்னால் போனில் பேசுகிறேன் என்கிறீர்கள். என் அண்ணனிடம் போன் வேலைக்காகாது. நான் யாரையோ பிடித்துப் பேச வைத்திருக்கிறேன் என்பான்.

உள்ளதை ஒத்துக்கொண்டீர்கள். அதற்கு நன்றி. உண்மையாகவே நன்றி. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு சமையலறையில் நின்று அழுதேன். ஆறு வருஷம் கழித்து ஒருவர், நான் பொய் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறார்.

அதனால் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இது அண்ணனுக்காக இல்லை, எனக்காக.

வீட்டில் சிஸ்டர் டெல்பின் ஒரு ஊசி போட்டுவிட்டுக் குழாயை எடுத்தார். உடனே போய்விடுவார் என்று நினைத்தோம். அப்பா நாற்பது நிமிஷம் இருந்தார். எந்த மெஷினும் இல்லாமல், சொந்தமாக மூச்சு விட்டுக்கொண்டு. அம்மா காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தாள். "மூச்சு நல்லாத்தானடி வருது?" என்று இரண்டு தடவை கேட்டாள். அண்ணனுக்கும் அதை அவள்தான் சொல்லியிருக்கிறாள். "தானா மூச்சு விட்ட மனுசனத்தானே கொண்டுவந்து சாகடிச்சே" என்றான் அவன். அவன் சொன்னதை மறுத்துவிட்டேன். ஆனால் அந்த நாற்பது நிமிஷத்தை என்னால் மறுக்க முடியவில்லை.

அன்று காலை எதற்காக எங்களை அனுப்பினீர்கள்? அப்பா பிழைக்க மாட்டார் என்பதாலா, இல்லை படுக்கை தேவைப்பட்டதாலா? எமர்ஜென்சி வாசலில் அன்று நல்ல கூட்டம். நானும் பார்த்தேன்.

இதற்குக் கட்டம் போட்டு டிக் அடிக்க வேண்டாம்.

கவிப்ரியா


மயூர் விஹார்
20 அக்டோபர் 2025

அன்புள்ள கவிப்ரியா,

ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இன்று தீபாவளி விடுமுறை. வெளியே பட்டாசுப் புகை, ஜன்னலை அடைத்துவிட்டு எழுதுகிறேன். உங்கள் வீட்டில் பண்டிகை நேரத்தில் இந்தக் கடிதம் வந்து சேரக்கூடாது என்பதற்காக நாளை மறுநாள்தான் தபாலில் போடுவேன்.

நாற்பது நிமிஷத்தை முதலில் சொல்கிறேன். மூளையின் மேல்பகுதி முழுவதும் போயிருந்தது. நான் மட்டுமல்ல, நியூரோ டாக்டர் இரண்டு பேரும் பார்த்தார்கள். மூச்சுக்கான இடம் அடியில் இருக்கிறது. அது கொஞ்சம் மிச்சமிருந்தது. அதனால் மூச்சு வந்தது. அது நின்றுபோகும் மூச்சுதான். உங்கள் அப்பா எந்த ஆஸ்பத்திரியில், யாரிடம் இருந்திருந்தாலும் கண் விழித்திருக்க மாட்டார். இதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. அந்த ஊசி மார்ஃபின். மூச்சுத் திணறித் தவிக்கக்கூடாது என்று நான்தான் அளவு எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் குழாயை எடுக்கச் சொன்னதும் நான்தான். இரண்டையும் டெல்பினிடம் நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே சொல்லியாகிவிட்டது. ஆகவே உங்கள் கையெழுத்து எதையும் முடிவு செய்யவில்லை.

இனி படுக்கை. அன்று காலை எமர்ஜென்சியில் ஒரு பெண் இருந்தாள். இருபத்தாறு வயது. பிரசவமாகி ஏழெட்டு நாள், நுரையீரலில் தொற்று. வென்டிலேட்டர் எதுவும் காலியாக இல்லை. அவளுடைய கணவனும் தம்பியும் மாற்றி மாற்றிக் கையால் பையை அமுக்கி அவளுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேறு ஆஸ்பத்திரிகளில் கேட்டோம், இடம் இல்லை. நான் மேலே வந்து பன்னிரண்டு படுக்கைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். பிறகுதான் லிஃப்டுக்கு எதிரே வந்து உங்களிடம் பேசினேன்.

நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. ஆனால் அதை அன்றைக்குச் சொன்னது அவளுக்காக. கீழே யாரும் காத்திருக்காவிட்டால் உங்களிடம் எப்போது சொல்லியிருப்பேன்? இரண்டு நாள் கழித்தா, ஒரு வாரம் கழித்தா, உங்கள் அண்ணன் வந்த பிறகா? தெரியவில்லை. அவர் வந்து அப்பாவை மூச்சோடு பார்த்திருக்கலாம். அதை நான் உங்கள் குடும்பத்திடமிருந்து எடுத்துக்கொண்டேன், உங்களிடம் கேட்காமலே.

இத்துடன் உங்கள் அண்ணனுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். தமிழில், கையெழுத்தோடு, மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணோடு. உறையை ஒட்டவில்லை. இரண்டாவது பக்கத்தில் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறேன். அது உங்கள் அண்ணனின் கோபத்தைக் கூட்டலாம். வேண்டாம் என்று பட்டால் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு முதல் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். முதல் பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்கள் விருப்பம்.

அன்புடன்,
எபினேசர்


லோதி காலனி
16 நவம்பர் 2025

அன்புள்ள டாக்டர்,

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். இரண்டாம் பக்கத்தை அனுப்புவதா வேண்டாமா என்பதை "உங்கள் விருப்பம்" என்று என் தலையில் கட்டினீர்களே, அது என்ன பழக்கம்? அன்றும் இதைத்தானே செய்தீர்கள்? முடிவு உங்களுடையது, பொறுப்புக்கு மட்டும் என்னைத் தேடுகிறீர்கள். நான்கு நாள் அந்த உறையை பீரோவில் வைத்துப் பூட்டினேன். முதல் பக்கம் போதும் என்று மது சொன்னார். "அண்ணன் பேச ஆரம்பிக்கட்டும், மத்தது அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் அரைகுறையாக எழுதிய ஒரு தாளால்தான் ஆறு வருஷம் போனது. இரண்டு பக்கத்தையும் வைத்து ஒட்டி ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன்.

பத்து நாள் சத்தமே இல்லை. உங்களை ஏன் எழுதச் சொன்னேன் என்று ஆகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை மாலை பள்ளியிலிருந்து வருகிறேன், வாசல் படிக்கட்டில் பெட்டியோடு அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் நிற்கிறான். நான் ஓடிப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவன் அங்கேயே நின்றான். "உள்ள வாண்ணே" என்று நான் கூப்பிட்ட பிறகுதான் வந்தான்.

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தான். மடித்து மடித்துத் தேய்ந்துபோயிருந்தது. "கோர்ட்டுக்குப் போலாம்னு வக்கீலப் பாத்தேன்" என்றான். "அவரு படிச்சுட்டு, 'சார், இவ்வளவையும் ஒருத்தன் தானா எழுதித் தந்திருக்கான், அவனை என்ன பண்ணணும்னு நினைக்கிறீங்க'ன்னு கேட்டாரு. லெட்டர வாங்கிட்டு வந்துட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, இதெல்லாம் நீ அன்னைக்கே சொன்னியே" என்றான். "சொன்னேன்ணே." "சொன்னே" என்றான். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டு ஆண்களுக்கு வாயில் வராது. சாப்பிடும்போது ரசம் கேட்டு வாங்கிக் குடித்தான், நானும் ஊற்றினேன்.

உங்களை அவன் மன்னித்துவிட்டான் என்று நினைக்க வேண்டாம். "நான் வர்ற வரைக்கும் வச்சிருக்கலாம்" என்றுதான் சொல்கிறான். அந்தக் கோபம் நியாயமானது. அது இத்தனை வருஷம் தப்பான முகவரியில் இருந்தது, இப்போது உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் இன்று ராத்திரி ரயிலில் ஊருக்குப் போகிறான். அம்மா பொங்கல் வரை இங்கேதான். என்னோடு ஒளியாமல் பேசுகிறாள். பேசிப் பேசித் தலைவலி வருகிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். அண்ணன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டியதிலிருந்து அவளுக்கு இதே நினைப்புதான். "அந்தப் பொண்ணு பொழச்சாளாடி? டாக்டரு அத எழுதலையே. பொழச்சிருந்தா உங்கப்பா எடத்த விட்டுக் குடுத்துட்டுப் போனாருன்னு மனச ஆத்திக்குவேன்." சுவாமி மாடத்தில் அந்தப் பெண்ணுக்காக ஒரு விளக்குக்கூட ஏற்றுகிறாள், பெயர் தெரியாமலே. குழந்தைக்கு இப்போது ஆறு முடிந்து ஏழு நடக்கும், ஒன்றாம் வகுப்பு போகும் என்று விரல்விட்டுக் கணக்குப் பார்க்கிறாள்.

பிழைத்தாளா, டாக்டர்?

கவிப்ரியா


மயூர் விஹார்
24 நவம்பர் 2025

அன்புள்ள கவிப்ரியா,

அம்மா வந்துவிட்டார்கள் என்று படித்ததும் அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். திட்டியதெல்லாம் நியாயம். உங்கள் அண்ணனின் கோபத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் எப்போது நேரில் வந்து திட்டினாலும் கேட்டுக்கொள்வேன் என்று சொல்லுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு "பிழைத்துவிட்டாள்" என்று எழுத நாலு நாள் ஆசைப்பட்டேன். ஒரே வார்த்தை. அம்மா நிம்மதியாக இருப்பார்கள், நானும் நல்லவனாகிவிடுவேன். யாரும் ஃபைலை எடுத்துச் சரிபார்க்கப் போவதில்லை.

இல்லை, கவிப்ரியா. அவள் பிழைக்கவில்லை. உங்கள் அப்பா இருந்த படுக்கையில் ஒன்பது நாள் இருந்தாள். நடுவில் இரண்டு நாள் நினைவு வந்து, குழந்தையைக் கொண்டுவந்து காட்டினோம். தொட்டுப் பார்த்தாள். பிறகு கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. பெயர் ஃபாத்திமா. குழந்தை நன்றாக இருந்தது, அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது, சொல்வதா மறைப்பதா என்று நீங்கள் யோசிக்கத் தொடங்கியிருப்பீர்கள். வேண்டாம். இந்தக் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நானே சொல்கிறேன்.

எபினேசர்